இறக்கத்துக்கு அப்பால்

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று உன்னைப் பார்க்க வந்தேன். சிறை வாசலில் பெயரைப் பதிந்து, பையைச் சோதிக்கக் கொடுத்து, பெஞ்சில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் காவலர் வந்து, "அவர் வர மாட்டேங்கிறாரும்மா, நீங்க கிளம்புங்க" என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இது மூன்றாவது தடவை. கொண்டுவந்த சட்டையையும் காலுறையையும்கூட நீ வாங்கிக்கொள்ளவில்லை. கூடப்பிறந்தவள் மேல் இவ்வளவு வைராக்கியமா?

உனக்கு இரண்டு வருடம் என்று நீதிபதி படித்த நாளிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. நீ நம்ப மாட்டாய். ஆனால் அதுதான் உண்மை.

கம்பெனியை மறுபடி திறந்துவிட்டார்கள். முதலாளி பெயர்ப்பலகையை மட்டும் மாற்றியிருக்கிறார். பழையபடி நான்தான் காலையில் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைச் சைக்கிளில் கூட்டிப்போகிறேன். கோட்டை வாசல், துணிக்கடைத் தெரு, மணிக்கூண்டு, பழைய நாணயச்சாலை, அப்புறம் இறக்கம், கீழே தானியக் கிடங்கு, ஆற்றுத்துறை. அதே பாதைதான். அந்த அம்மாள் விழுந்த இறக்கத்தில் மட்டும் எல்லோரையும் இறங்கச் சொல்லி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்கிறேன். உன் பட்டறையில் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். சங்கிலிக்கு எண்ணெய் விடவே கையுறை போடுகிற மெக்கானிக். நீ பார்த்தால் சிரிப்பாய்.

பாப்பா நன்றாகப் படிக்கிறாள். மாமா எப்போது வருவார் என்று கேட்கிறாள். சீக்கிரம் வருவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு வரியாவது எழுது.

அக்கா


பிப்ரவரி 26

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. இங்கே எதையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். வெளியே போவதும் அப்படித்தான். தெரிந்து எழுது.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. தச்சுக்கூடத்தில் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து மேசைகளுக்குக் கால் இழைக்கிறேன்.

நீ வந்தால் நான் வர மாட்டேன். அடுத்த மாதம் வந்தாலும் அதே பதில்தான். உன் முகத்தைப் பார்த்தால் நீதிமன்றத்தில் நீ நின்ற நிலைதான் கண்முன் வரும். என் வக்கீல் கேட்டது ஒரே கேள்வி. அன்று காலை பதினான்காம் எண் சைக்கிளை யாரும் ஓட்டக்கூடாது என்று உங்கள் தம்பி ஒதுக்கி வைத்திருந்தாரா, இல்லையா? நீ "எனக்குத் தெரியாது" என்றாய். குரல்கூட நடுங்கவில்லை. மணிக்கூண்டு எந்த வருடம் கட்டியது என்று யாராவது கேட்டால் சொல்வாயே, அந்தக் குரல்.

அதன் முன் பிரேக் கேபிளில் இழை பிரிந்திருந்தது. கைப்பிடியில் சிவப்பு நாடா சுற்றி, பின்சுவர்க் கொக்கியில் மாட்டினேன். நீ பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாய். "பதினாலை யாருக்கும் குடுக்காதே, கேபிள் வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன். நீ தலையை ஆட்டினாய். இதை நான் போலீஸிடம் சொன்னேன், நீதிமன்றத்திலும் சொன்னேன். நாடாவும் இல்லை, சாட்சியும் இல்லை.

ஒன்றே ஒன்று எழுது. அந்த நாடாவை என்ன செய்தாய்?

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். பாப்பா வெளியே நின்று என்னம்மா, என்னம்மா என்று தட்டிக்கொண்டே இருந்தாள்.

நீ கேட்பது சுலபம். நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியுமா? அந்த அம்மாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தது நான். மீதி எட்டுப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய தங்கை மட்டும், "அக்கா, எந்திரிக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தடுக்கி விழுந்தவரிடம் சொல்கிற மாதிரி. அது இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

சாட்சி சொன்ன அன்று முதலாளி என்னை நீதிமன்ற வராந்தாவில் தனியாகக் கூப்பிட்டார். "யாராவது ஒருத்தர் உள்ள போய்த்தான் ஆகணும். உங்களுக்குக் குழந்தை இருக்கு, அப்பா இல்லாத குழந்தை. அவருக்கு யார் இருக்கா?" என்றார். அவனுக்கு நான் இருக்கிறேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். 

நீயும் கொஞ்சம் யோசித்துப் பார். ஓட்டக்கூடாத வண்டியைப் பூட்டுப் போட்டு வைத்திருக்கலாமே? ஒரு துண்டு நாடாவை நம்பிவிட்டுக் கடைக்குப் போனது நீதானே? அன்று நீ அரைமணி முன்னால் வந்திருந்தால் கேபிள் மாற்றி முடிந்திருக்கும். முந்தின நாளே பார்த்திருந்தால் இன்னும் நல்லது. எல்லாப் பழியையும் என் தலையில் கட்டாதே.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழித்தால் இன்னொன்று எழுதத் தெம்பு இல்லை. அப்படியே அனுப்புகிறேன்.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

கேட்டதற்குப் பதில் இல்லை. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய்.

என் அறையில் வயதான லாரி டிரைவர் ஒருவர் இருக்கிறார். என் கதையைக் கேட்டுவிட்டு, "அக்காவுக்காக உள்ள வந்திருக்க, பெரிய மனசுப்பா உனக்கு" என்றார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. உனக்கும் அப்படி ஒரு நினைப்பு இருந்தால் விட்டுவிடு. நான் உன்னைக் காப்பாற்ற வரவில்லை. உண்மையைத்தான் சொன்னேன். நீ தெரியாது என்ற பிறகு என் பேச்சு எடுபடவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

பூட்டுப் போட்டிருக்கலாம் என்கிறாய். ஒன்பது வருடமாக அந்த நாடாதான் பூட்டு. கட்டிய வண்டியை நீ ஒருநாளும் தொட்டதில்லை. அதனால்தான் நம்பினேன்.

கேபிளோடு நான் திரும்பி வந்தபோது கொக்கி காலி. நீயே பழுதுக் கடைக்கு எடுத்துப்போயிருப்பாய் என்றுதான் முதலில் நினைத்தேன், பார். அப்புறம் தரையைப் பார்த்தேன், சீட்டைத் தாழ்த்தின ஸ்பேனர் கிடந்தது. யாரோ குட்டையானவருக்காகத் தாழ்த்தியிருக்கிறாய். நான் ஓட ஆரம்பித்தேன். துணிக்கடைத் தெருவில் கூடைகள் மேல் இடித்துக்கொண்டு ஓடினேன். கடைக்காரர்கள் திட்டினார்கள். மணிக்கூண்டுக்கு வந்தபோது எனக்கு முன்னால் வேறு ஆட்களும் இறக்கத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்போதே தெரிந்துவிட்டது. கையில் கேபிள் சுருள் அப்படியே இருந்தது. அதைக் கையில் வைத்திருந்ததையே காட்டி, குற்றம் தெரிந்து ஓடிவந்தவன் என்று அரசு வக்கீல் சொன்னார்.

நாடாவைப் பற்றி எழுதுவதாக இருந்தால் எழுது. இல்லாவிட்டால் இனி எழுதாதே.

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

நாடா என்னிடம்தான் இருக்கிறது. என் தோள்பையின் உள்ஜிப்பில். அன்றிலிருந்து அதே பையைத்தான் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். எரிக்கவும் கை வரவில்லை, எடுத்துக் காட்டவும் துணிவு வரவில்லை.

இதைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி யாராக இருந்தாலும், அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஐயா, இதை மேலே அனுப்புங்கள்.

அன்று எட்டுப் பேர் பதிந்திருந்தார்கள். ஒன்பதாவதாக ஒருவர் கூட வந்திருந்தார். எட்டுப் பேரில் ஒருவருடைய அக்கா. அறுபத்தொரு வயது, அச்சகத்தில் பிழைதிருத்துகிற வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். கம்பெனியிலேயே உட்கார்ந்து புத்தகம் படிக்கப்போவதாகத்தான் முதலில் சொன்னார். எல்லோரும் சைக்கிளில் ஏறுவதைப் பார்த்ததும் எழுந்து வந்து, "நானும் வரட்டுமா? காலேஜ்ல ஓட்டினது, மறந்திருக்காதுன்னு நினைக்கிறேன்" என்று கேட்டார். அவ்வளவு ஆசையாகக் கேட்டவரிடம் வண்டி இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல மனம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கொக்கியில் பதினான்கு இருந்தது. நாடாவைப் பார்த்தேன். நீ சொன்னதும் நினைவிருந்தது. பின் பிரேக் இருக்கிறதே, மெதுவாகத்தானே போகப்போகிறோம் என்று நினைத்தேன். நாடாவை அவிழ்த்தேன். சீட்டைத் தாழ்த்தினேன். தயங்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தயங்கினேன். அவிழ்த்தேன்.

அவர் நன்றாகவே ஓட்டினார். நாணயச்சாலை வாசலில் அரசாங்கம் வைத்த அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு, "மூணு பிழை" என்று விரலைக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். பதினொரு வருடமாக அந்தப் பலகை முன்னால் நிற்கிறேன், ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

இறக்கத்துக்கு வந்தபோது மணி பத்தே முக்கால். பதினொன்றுக்கு அடுத்த குழு காத்திருக்கும். எப்போதும் இறங்கித் தள்ளச் சொல்வேன். அன்று, "பிரேக்கைப் பிடிச்சபடி மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போனேன். கால்வாசி இறங்கியபோது பின்னால் கம்பி அறுந்த சத்தம். என்னைக் கடந்து போனார். கத்தவில்லை. வளைவில் சுவர்.

தெரியாது என்று நீதிமன்றத்தில் நான் சொன்னது பொய். நாளைக் காலை உன் வக்கீலிடம் நாடாவைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பாப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டாள். "அப்ப மாமா ஒண்ணுமே செய்யலையா?" என்றாள். ஒன்றுமே செய்யவில்லை என்றேன். அவள் எழுந்து தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அதனால் கேட்கவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

நான் வெளியே வந்து ஏழு வாரம் ஆகிறது. உனக்கு மூன்று வருடம் என்று வக்கீல் சொன்னார். நீ எதையும் மறுக்காததால் இரண்டே அமர்வில் முடிந்துவிட்டதாம். முதலாளி மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். வராந்தாவில் பேசியதை அவர் மறுக்கிறார். கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள்.

பாப்பா என்னிடம்தான் இருக்கிறாள். ஒரே அறை. நடுவில் கயிறு கட்டித் திரை போட்டிருக்கிறேன். காலையில் அவளுக்குச் சடை பின்ன எனக்கு வரவில்லை. மாடிவீட்டு டைலர் அம்மாவிடம் பின்னிக்கொள்கிறாள். பள்ளியில் ஒருத்தி ஏதோ சொல்லி, இவள் அவளை அடித்துவிட்டாள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. உன்னைப் பற்றி அவள் பேசுவதில்லை. உன் போர்வையைத்தான் போர்த்திக்கொள்கிறாள். இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

எழுத வந்தது வேறு விஷயம். இறந்துபோன அம்மாளின் தங்கை என்னைத் தேடி வந்தார். வழக்கு நடந்த நாள் முழுக்க என்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அவர்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலிலேயே நின்று, "உங்களைத் தப்பா நினைச்சிட்டேன்" என்றார்.  பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. 

அக்டோபரில் இரண்டு வருடம் ஆகிறது. அந்த நாளில் இறக்கத்திலிருந்து ஆற்றுத்துறை வரை, அவருடைய அக்கா பார்க்காமல் போன மிச்சப் பாதையைச் சைக்கிளில் போக வேண்டும் என்கிறார். "அவ எதையும் பாதில விடமாட்டா" என்றார். கம்பெனி இல்லை, வேறு வழிகாட்டிகள் யாரோடும் போக அவருக்கு விருப்பமில்லை. என்னைக் கூட்டிப்போகச் சொல்கிறார்.

ஒன்பது வருடம் அந்தச் சைக்கிள்களைப் பழுது பார்த்தேன். ஒரு நாளும் அந்தச் சுற்றில் நான் போனதில்லை. கிடங்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதன் முன்னால் ஆணி அதிகம், டியூப் கிழியும் என்பதுதான். நீ என்ன சொல்வாயோ அதை எழுதி அனுப்பு. இது உனக்காகக் கேட்கவில்லை.

தம்பி


செப்டம்பர் 14

தம்பிக்கு,

தாளை எண்ணித்தான் தருகிறார்கள். பாப்பாவைப் பற்றி நீ எழுதிய வரிகளுக்குப் பதில் எழுதினால் தாள் அதிலேயே தீர்ந்துவிடும். அதனால் பாதையை மட்டும் எழுதுகிறேன்.

வளைவைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் நீளமாக ஒரு சுவர் வரும். அதுதான் தானியக் கிடங்கு. அவசரப்படாதே, நிறுத்து. சுவரில் முழங்கால் உயரத்துக்கு வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல். ஊரை எதிரிப்படை சூழ்ந்திருந்த எட்டு மாதமும் அந்தத் துளை வழியாகத்தான் ஆளுக்கு ஒரு குவளை தானியம் தந்தார்கள். துளையின் அடிவிளிம்பு வழவழவென்றிருக்கும். கைகள் பட்டுப் பட்டுத் தேய்ந்தது. வெளியே நிற்பவர் முகம் உள்ளே அள்ளிப்போடுகிறவருக்குத் தெரியக்கூடாது என்றுதான் அவ்வளவு தாழ்வாக வைத்தார்கள். சொந்தக்காரருக்குக் கூடுதலாக அள்ளிவிடக்கூடாதல்லவா?

அங்கிருந்து ஆற்றுத்துறை வரை மேடு இல்லை. மூன்றாவது வளைவில் மட்டும் கல் பெயர்ந்திருக்கும், வலது பக்கம் ஒதுங்கிப் போ.

துறையில் நான் ஒரு கதை சொல்வேன். படிக்கட்டில் நின்று ஓர் அரசி ஆற்றில் குதித்தாள் என்று. எல்லோருக்கும் பிடிக்கும், உடனே படம் எடுப்பார்கள். அதைச் சொல்லாதே. அப்படி ஒருத்தி இல்லை. நான் கட்டிய கதை அது.

அதற்குப் பதில் படிக்கட்டின் பக்கச்சுவரைக் காட்டு. குறுக்கே பதினேழு கோடுகள் வெட்டியிருக்கும். ஒவ்வொரு வெள்ளத்திலும் தண்ணீர் ஏறிய உயரம். மேலே இருந்து ஆறாவது கோடு மட்டும் நேராக இருக்காது, நடுவில் தாழ்ந்து போகும். அந்த வெள்ளத்தில் கல்தச்சருடைய வீடே போய்விட்டது, வீட்டில் இருந்தவர்களும் போய்விட்டார்கள். மறு மாதம் கோடு வெட்ட அவர்தான் வந்தார். வேறு ஆள் போடுகிறோம் என்றார்களாம். என் வேலை என்று சொல்லி வெட்டினார். கோணிப்போனதை யாரும் திருத்தவில்லை. இது ஊர்ப் பதிவேட்டில் இருக்கிறது, நான் படித்திருக்கிறேன்.

அவ்வளவுதான் சுற்று. அந்த இடத்தில் எல்லோரையும் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவிடுவேன். யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை.

அந்த அம்மாவுக்குச் சைக்கிள் சீட்டு அதிக உயரம் வேண்டாம். தன் அக்காவைவிட அவர் இரண்டு விரல் குட்டை.

அக்கா


அக்டோபர் 20

அக்காவுக்கு,

போய்வந்தோம்.

என் பழைய சைக்கிள், டைலர் அம்மாவிடம் கேட்டு வாங்கியது ஒன்று, இரண்டையும் கழற்றிப் புதுக் கேபிள் போட்டேன். காலையில் அவர் கேட்பதற்கு முன்னால் நானே அவர் எதிரில் ஒவ்வொரு பிரேக்கையும் நாலு தடவை பிடித்துக் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தானும் ஒரு தடவை பிடித்துப் பார்த்தார்.

இறக்கத்தில் தள்ளிக்கொண்டு இறங்கினோம். வளைவில் நின்றார். சுவரில் ஒன்றும் இல்லை, சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். கைப்பையிலிருந்து அவருடைய அக்காவின் மூக்குக் கண்ணாடியை எடுத்தார். அன்று அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லையாம். அதைப் போட்டுக்கொண்டார். எதுவும் சரியாகத் தெரியவில்லை என்றார். ஆனாலும் கழற்றவில்லை. கிடங்கு வரை நான் அவர் சைக்கிளையும் சேர்த்துத் தள்ளினேன்.

கிடங்குச் சுவரில் நான் உன் கடிதத்தை எடுத்தேன். மனப்பாடம் செய்ய முயன்றேன், எனக்கு வரவில்லை. நீ எழுதியதை அப்படியே வாசித்தேன். அவர் குனிந்து துளைக்குள் கையை விட்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. நானும் பக்கத்துத் துளையில் விட்டுப் பார்த்தேன். நீ சொன்னது சரி, வழவழப்பாகத்தான் இருக்கிறது.

துறையில் கோடுகளைக் காட்டினேன். ஆறாவதைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கையிலிருந்த தாளையே பார்த்தார். சிறை முத்திரை தெரிந்திருக்கிறது.

"இது அவங்க எழுதினதா?" என்றார்.

ஆமாம் என்றேன். உனக்காக ஒரு வார்த்தையும் நான் பேசவில்லை. அவர் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திட்டுவார், எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். தாளை மடிக்க ஆரம்பித்தேன்.

"மடிக்காதீங்க. மீதியையும் படிங்க" என்றார்.

படித்தேன். சீட்டு உயரம் பற்றிய கடைசி வரியைப் படிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அதையும் படித்துவிட்டேன். அப்போதுதான் அவர் அழுதார்.  பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.  திரும்பும் வழியில் அவரைப் பேருந்து நிலையம் வரை கொண்டுபோய் விட்டேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. முயன்று பார்த்தேன், வரவில்லை. வரும் என்று பொய் சொல்லி எழுதவும் விருப்பமில்லை.

அடுத்த ஞாயிறு பார்வையாளர் நாள். பாப்பா வருகிறேன் என்றாள், நான் சொல்லாமல் அவளே சொன்னாள். கூட்டிவருகிறேன். அவள் உள்ளே வருவாள். நான் வாசலில் நிற்பேன்.

தம்பி